எனக்கும் வேண்டும் என்பதற்கு ஒரு சொல்

மூன்று நாள்களாக நடப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்ப எழுதவில்லை. தோழியின் புதுவீட்டுப் படத்தில் முற்றத்தையும் கிணற்றையும் கண்ட மகிழ்ச்சியில் "பொறாமையாக இருக்கிறது" என்று நான் எழுதியது உண்மை. அதற்கு "வயிற்றெரிச்சல்" என்றும் "கண் வைக்கிறாள்" என்றும் வந்த மறுமொழிகளுக்காகத்தான் இந்தப் பதிவு.

எனக்கும் வேண்டும் என்பது வேறு. உனக்கு இருக்கக் கூடாது என்பது வேறு. நான் சொன்னது முதலாவது.

சொல் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொறாமை என்றால் பொறுக்கமாட்டாமை. அந்தப் படத்தை நான் இருபது முறையாவது திறந்து பார்த்திருப்பேன். பொறுக்கமாட்டாதவள் அப்படிப் பார்ப்பாளா? ஆனால் அங்கே வேறு எதை எழுதியிருக்க வேண்டும்? ஆசை என்றால், அவளிடம் இருப்பதைக் கண்டுதான் எனக்கு அந்த எண்ணமே பிறந்தது என்பது விடுபட்டுப்போகிறது. ஏக்கம் என்றால், இனிக் கிடைக்காது என்ற சோர்வு வந்து ஒட்டிக்கொள்கிறது. வெஃகுதல் என்றாலோ பிறர் பொருளைக் கவர நினைப்பது. அது இன்னும் மோசம். "செல்லப் பொறாமை என்று போட்டிருக்கலாமே" என்றார் ஒருவர். முன்னால் செல்லத்தைச் சேர்த்தாலும் பின்னால் நிற்பது பொறாமைதான்.

அழுக்காறு, அவா, வெகுளி, இன்னாச்சொல் என்று 35ஆம் குறளில் வள்ளுவர் எண்ணும்போது முதல் இரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறார். இரண்டையும் குற்றம் என்றுதானே சொன்னார் என்பீர்கள். ஆம். ஆசைப்பட்டது குற்றமென்றால் ஏற்கிறேன். எரிந்தேன் என்பதை ஏற்கமாட்டேன். என்னுடன் வேலைபார்த்த இஸ்லாமியத் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அரபியில் அடுத்தவரிடமிருந்து அது போய்விட வேண்டும் என்று நினைப்பது 'ஹஸத்', அவரிடமும் இருக்கட்டும், எனக்கும் கிடைக்கட்டும் என்று நினைப்பது 'கிப்தா'. அப்படி ஒற்றைச் சொல் என் கைக்கு எட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பக்கத்து வீட்டில் தையல் மிஷின் வாங்கினார்கள். அம்மா மாலைதோறும் போய் அதன் அருகே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "எனக்கும் இதுமாதிரி ஒண்ணு வேணும்போல இருக்குக்கா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பெரியம்மா எழுந்து, அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பாபினில் நூல் சுற்றக் கற்றுக்கொடுத்தார். சீட்டுப் போட்டு அம்மா சொந்தமாக ஒன்று வாங்க மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை எங்கள் பாவாடைகளெல்லாம் அந்த வீட்டு மிஷினில்தான் தைக்கப்பட்டன. அவர் வாசலில் யாரும் பூசணிக்காய் உடைக்கவில்லை.

"வாழ்த்துகள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்" என்கிறவர்களுக்கு: வாழ்த்துகளை அங்கே எல்லோரும் எழுதியிருந்தார்கள். பதினெட்டு ஆண்டு நட்புக்குப் பிறகு, வாடகை வீட்டின் மூன்றாம் மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற என்னிடமிருந்தும் அவளுக்கு அதே சொல்தான் போக வேண்டுமா? கண்ணேறு பற்றி எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அவள் என் பின்னூட்டத்தை நீக்கிவிட்டாள். நீக்கட்டும், அது அவளுடைய பக்கம். நீக்குவதற்கு முன் ஒரு முறை கூப்பிட்டு, என்ன நினைத்து எழுதினாய் என்று கேட்டிருக்கலாம். கிணற்றுக்கு ராட்டினம் போட்டாயிற்றா என்று கேட்க அன்று மாலை நானே அவளைக் கூப்பிடுவதாக இருந்தேன், இன்னும் கூப்பிடவில்லை.