ரோமானியர் கையுறை பின்னிய கருவியா இது?

மெட்டல் டிடெக்டருடன் வயல்வெளியில் அலைபவர்களுக்கு எப்போதாவது 'ரோமானிய டோடெகாஹெட்ரான்' (பன்னிரண்டு முகக் கூடு) என்ற விசித்திரப் பொருள் சிக்குகிறது. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், முகத்துக்கு ஒரு வட்டத் துளை, மூலைக்கு ஒரு குமிழ். உள்ளே வெற்றிடம். "இது ரோமானியர் கையுறை பின்னிய கருவி, மர்மம் தீர்ந்தது" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது.

தீரவில்லை. துளைகள் வெவ்வேறு அளவில் இருப்பதால் வெவ்வேறு விரல்களுக்குப் பின்னலாம் என்பதுதான் வாதம். ஆனால் நூலைச் சுற்றுவது குமிழ்களில். கையுறை விரலின் அகலத்தை முடிவு செய்வது குமிழ்களுக்கு இடையே உள்ள தூரம். அது எல்லா முகத்திலும் ஒன்றுதான். அப்படியானால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே பருமன்! வீடியோவில் விரல் அழகாக வருகிறதே என்றால், சரி, வரும். நான்கு ஆணி அடித்த மரக்கட்டையிலும் வரும்.

2023இல் இங்கிலாந்தின் நார்டன் டிஸ்னி கிராமத்தில், தன்னார்வலர்கள் நடத்திய அகழாய்வில் முழுதாக ஒன்று கிடைத்தது. சுமார் 8 செ.மீ. உயரம், 245 கிராம். செம்பு, வெள்ளீயம், ஈயம் கலந்த வார்ப்பு. தேய்மானத் தடமே இல்லை. தினமும் நூல் உரசிய கருவி இப்படியா இருக்கும்? நூற்றுக்கு மேல் கிடைத்தும், பயனைச் சொல்லும் ரோமானியக் குறிப்பு ஒன்றுகூட இல்லை.