அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தார். "எய்ட்ஸுக்குத் தடுப்பூசி வந்தாச்சு! வருஷத்துக்கு ரெண்டே ஊசி! நூறு சதம் வெற்றி!" கீழே நாலு கும்பிடு, ஒரு தேசியக் கொடி. கொடி எதற்கென்று எனக்கு இதுவரை புரியவில்லை. மருந்து அமெரிக்கக் கம்பெனியுடையது.

இருபத்தஞ்சு வருஷமாக வேலூரில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்களில் யாருக்கு சுகர் ஏறினாலும் ரிப்போர்ட் எனக்குத்தான் வரும். அதனால் இதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அங்கே நாலு வரிதான் எழுதினேன். மனசு ஆறவில்லை, மீதியை இங்கே கொட்டுகிறேன்.

முதலில் அந்த ஊசி. பெயர் லெனகாபவிர். அது தடுப்பூசி இல்லை, மருந்து. தடுப்பூசி போட்டால் நம் உடம்பு ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் ஊசி இல்லாமலே எதிர்த்து நிற்கும். லெனகாபவிர் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் தங்கி ஆறு மாசம் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். மருந்து இருக்கிற வரை காவல், தீர்ந்தால் காவலும் தீர்ந்தது. மற்றபடி அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில் இந்த ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. வரவில்லை. 2024-இல் அந்த முடிவைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். நம் ஹைதராபாத் கம்பெனிகளான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் 2027-இல் இருந்து வருஷத்துக்கு 40 டாலருக்குத் தருவோம் என்று அறிவித்திருக்கிறார்கள். சித்தப்பா கொடி போட வேண்டிய இடம் அதுதான்.

நிஜமான தடுப்பூசி? இன்னும் இல்லை. முயற்சி இல்லாமல் இல்லை. 2009-இல் தாய்லாந்தில் 16,000 பேரிடம் நடந்த ஆய்வில் 31 சதம் பாதுகாப்பு என்று வந்தது. அதையே மெருகேற்றித் தென்னாப்பிரிக்காவில் செய்தார்கள், 2020-இல் பலனில்லை என்று நிறுத்தினார்கள். 2021-இல் இன்னொன்று, 2023 ஜனவரியில் இன்னொன்று, எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. சென்னையிலேயே சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006 வாக்கில் ஒரு தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை நடந்தது. பாதுகாப்பானது என்று தெரிந்தது, அதற்கு மேல் பெரிதாக வளரவில்லை.

ஏன் இவ்வளவு பாடு? அம்மை வந்து எழுந்தவருக்கு மறுபடி அம்மை வராது என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். உடம்பு தானாகவே ஜெயிக்கிற நோய் அது. அந்த ஜெயத்தைப் பார்த்து காப்பி அடிப்பதுதான் தடுப்பூசி. எச்.ஐ.வி. வந்து உடம்பு தானாகத் துரத்தியடித்தது என்று காட்ட ஆள் கிடைப்பதே அபூர்வம். காப்பி அடிக்க விடைத்தாளே இல்லை. போதாததற்கு, இந்த வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போதெல்லாம் தப்புத் தப்பாக எடுத்து உருவம் மாறிக்கொண்டே இருக்கும். மேலே போர்த்தியிருப்பதோ நம் உடம்பே செய்துகொடுத்த சர்க்கரைப் போர்வை. காவலுக்கு வந்த வெள்ளணுவின் மரபணுவுக்குள்ளேயே தன்னைத் தைத்துக்கொண்டு தூங்கவும் செய்யும். இப்போது வேறு வழியில் போகிறார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களைப் படிப்படியாகப் பழக்குகிற மாதிரி ஊசிகளை வரிசையாகப் போடுவது. முதல் படியில் 36 பேரில் 35 பேருக்கு எதிர்பார்த்த அணுக்கள் கிளம்பின என்று 2022-இல் வந்தது. ஆனால் அது முதல் படி. ஏணி நீளம்.

வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு, நம்மில் பாதிப் பேருக்கு அது தெரியாது. 1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்படி சேகரித்த ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கினார். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்தில் இருந்தது. அங்கேதான் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்த நாள் அது. பிறகு அமெரிக்காவில் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். எலைசா என்கிற அந்த ரத்தப் பரிசோதனைத் தட்டில் குழிக்குழியாகத் தண்ணீர் மாதிரி இருந்தது மெல்ல மஞ்சளேறுவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். முதல் தடவை பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் காட்பாடி பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது தோன்றும். (அங்கே நிற்கிற நேரத்தில் எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம்.)

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். 2004. அப்போது நான் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் இருந்தேன், பெயர் வேண்டாம். ராத்திரி டியூட்டி. ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டேன். போடக்கூடாது என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிறோம், அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் போடுவோம். மூடி நழுவி இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. கையுறை இல்லை. ஒரு பொட்டு ரத்தம், குங்குமப் பொட்டு அளவுதான்.

டியூட்டி டாக்டர் "சோப்பு போட்டுக் கழுவும்மா, காலையில பாத்துக்கலாம்" என்றார். கழுவினேன். அழுதேன். அந்த வயசில் எய்ட்ஸ் என்றால் புள்ளிராஜா விளம்பரம்தான். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் சுவரில் கேட்டார்களே, அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க என் காதில் என் பெயரோடு ஓடியது. காலையில் பெரியவரின் ரிப்போர்ட் வந்தது. எச்.ஐ.வி. நெகட்டிவ். மேட்ரன் முதல் ஆயா வரை எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தர் காபி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வரியில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

நான் படித்தேன். எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்றால் ஹெபடைடிஸ் பி, நாம் மஞ்சக்காமாலை என்று பொதுவாகச் சொல்வதில் ஈரலை விடாமல் பிடித்துக்கொள்கிற ரகம். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி ஒட்ட வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை, ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு சுமார் 3, எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3. முப்பது, மூணு, புள்ளி மூணு. ஊரே நடுங்குவது அந்தப் புள்ளி மூணுக்கு. முப்பதுக்கு 1980-களிலேயே தடுப்பூசி வந்துவிட்டது, அதை எனக்குப் போட வேண்டும் என்று வேலைக்கு எடுத்தபோது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் டி.வி.எஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, எதிர்ப்புச் சக்தியை ஆயத்தமாகவே ஏற்றுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியையும் தடுப்பூசியையும் போட்டு வந்தோம். ஒரு மாசச் சம்பளத்துக்கு மேலே போயிற்று. நர்ஸிங் ஹோம் ஒரு பைசா தரவில்லை. அம்மா தன் பங்குக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். குடித்தேன், மறுக்கவில்லை. கீழாநெல்லியை நான் கேலி செய்யவும் மாட்டேன். 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று அது ஹெபடைடிஸ் பி-க்குக் கேட்கிறது என்று லான்செட் என்கிற பெரிய மருத்துவ இதழிலேயே வந்தது. ஆனால் வேறு இடங்களில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் தப்பித்தது ஊசியால்தான்.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ரத்தத்தோடு புழங்குகிற வேலையாளுக்குப் பாதுகாப்புக் கருவியும், ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். "காலையில பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் சண்டை போடுங்கள். சின்ன லேபுகளில் வேலைக்குச் சேர்கிற பெண்பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி சம்பளம் பற்றி இல்லை, "ஹெபடைடிஸ் பி ஊசி மூணும் போட்டியா?"

இதை ஏன் இந்தச் செய்தியோடு முடிச்சுப் போடுகிறேன் என்றால், வராத தடுப்பூசிக்கு ஊரே தோரணம் கட்டிக்கொண்டு நிற்கிறது, வந்த தடுப்பூசிகள் குளிர்பெட்டியில் தேமே என்று கிடக்கின்றன. லெனகாபவிர் போட்டவருக்கு எச்.ஐ.வி. வருவது மிக அபூர்வம், ஆனால் மேகப்புண் (சிபிலிஸ்) வரலாம், வெட்டை (கொனோரியா) வரலாம், ஹெபடைடிஸ் பி வரலாம். ஆணுறை இதையெல்லாம் சேர்த்துத் தடுக்கிற வேலையைச் செய்கிறது. அதை மெடிக்கல் ஷாப்பில் கேட்க இன்னும் நாலு பேர் போகிற வரை ஓரமாக நிற்கிறோம், கடைக்காரரும் பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் எச்.ஐ.வி., இருவரும் கூட்டு மருந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் இல்லை. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பக்கத்தில் இருக்கிற மையத்தை விட்டுவிட்டு ரெண்டு பஸ் மாறி வருகிறாள். மாத்திரை டப்பா கைப்பையில் கடகடவென்று சத்தம் போடும் என்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறாள். "மாமியாரு இன்னா மாத்திரைன்னு கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லிகினு கீறேன்க்கா" என்பாள். சித்தப்பாவுக்கு வந்த அதே செய்தி அவளுக்கும் வந்திருக்கிறது. "அந்த ஊசி வந்தா நான் மாத்திரைய நிறுத்திடலாமாக்கா?"

பாருங்கள், ஒரு பொய்த் தலைப்பு எங்கே போய் இடிக்கிறது. அந்த ஊசி, எச்.ஐ.வி. இல்லாதவருக்கு அது வராமல் தடுக்க. அவளுக்கு அந்த ஒரு மாத்திரைதான் உயிர். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. இதற்கு வழிகாட்டிய பெரிய ஆய்வு 2011-இல் வந்தது, அதில் சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள். மருந்தே தடுப்பாகிறது. இதை ஏன் யாரும் கொடி போட்டு அனுப்புவதில்லை?

அவளை அடிக்கக் காத்திருப்பது வேறு கிருமிகள். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய். அதற்கு முன்கூட்டியே சாப்பிடுகிற மாத்திரை இருக்கிறது, ஆறு மாசம் சாப்பிட்டு முடித்துவிட்டாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஆறு மடங்கு அதிகம் வருகிறது, காரணம் எச்.பி.வி. என்ற இன்னொரு வைரஸ். பரிசோதனைக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. "லேடி டாக்டர் தான?" என்று பதினைந்து தடவை கேட்டிருப்பாள். எச்.பி.வி.-க்குத் தடுப்பூசி இருக்கிறது, புனேயிலேயே செய்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட 36 கோடி ஒதுக்கியது. அவள் பெண்ணுக்கு இப்போது பதிமூணு. வகுப்பு அம்மாக்கள் குழுவில் "இதைப் போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதாம்" என்று ஒருத்தி கிளப்பிவிட்டிருக்கிறாளாம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.

தடுப்பூசி என்றால் சந்தேகப்படுகிற ஊர் இது என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தருகிற ரோட்டாவைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்தின் பெரிய ஆய்வு 2011-இல் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்தில் நடந்தது, 6,799 குழந்தைகள். நம் பக்கத்துத் தாய்மார்கள் கைக்குழந்தையை நீட்டினார்கள். 2016-இல் சில மாநிலங்களில் தொடங்கி, அப்புறம் நாடு முழுக்க அந்தச் சொட்டு அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து புரிகிற மாதிரி யாராவது சொன்னால் நம் ஜனங்கள் கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். 1097-க்கு அழைத்தாலும் காசில்லாமல் பேசுவார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு ஹெபடைடிஸ் பி இல்லை என்று பார்த்துவிட்டு, தை மாசம் முதல் ஊசி போட்டோம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சில சமயம் அளவைக் கூட்டிப் போடுவார்கள், அதை டாக்டர் பார்த்துக்கொண்டார். மாசியில் இரண்டாவது. வீட்டில் "மஞ்சக்காமாலை ஊசி" என்றே சொல்லிவிட்டாள், பொய்யும் இல்லை பாருங்கள், முதல் தடவையாக மாமியாரிடம் மறைக்காமல் போட்டுக்கொண்ட ஊசி. போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, மூணாவது ஊசி ஆடியில வருது. ஆடியில ஊசி போடக்கூடாதுன்னு எங்க மாமியாரு ஒரே பிடிவாதம். இன்னா பண்றது?"

"ஆவணி பொறந்ததும் போட்டுக்கோ. தள்ளிப் போனா தப்பில்ல, முந்தத்தான் கூடாது."

"அப்ப மாமியாரையும் கூட்டினு வரவா? அதுக்கும் போட்டுக்கணுமாம்."