இலை ரேட்டில் என்ன இருக்கிறது?

தங்கச்சி மகளுக்குத் தை மாதம் கல்யாணம், திருநெல்வேலியில். மண்டபம் பிடித்தாகிவிட்டது. இப்போது வீட்டில் ஒரே பேச்சு, "இலை எவ்வளவாம்?" என்பதுதான். அதாவது, ஓர் ஆள் சாப்பாட்டுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற மாஸ்டர் கேட்கும் ரேட். ஒரு மாஸ்டர் 280 ரூபாய் சொன்னார், இன்னொருவர் 240 சொன்னார். மச்சான் 240-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் கட்சி வேறு. கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் இலை ரேட்டில் மல்லுக்கட்டவே கூடாது.

280-ஐ 240 ஆக்குகிற மாஸ்டர் அந்த 40 ரூபாயைத் தன் பையிலிருந்து போடப் போவதில்லை. நெய் டால்டா ஆகும், கடலை எண்ணெய் பாமாயில் ஆகும், பாயசத்தில் முந்திரியைத் தேட வேண்டியிருக்கும். இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். பரிமாறுகிற ஆளைக் குறைப்பார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. பத்துப் பேர் நிற்க வேண்டிய பந்தியில் ஆறு பேர் ஓடுவார்கள். சாம்பார் வாளி வருவதற்குள் சோறு ஆறிப்போகும். ரசம் கேட்டவர் கை காய்ந்து உட்கார்ந்திருப்பார். சமையல் நன்றாக இருந்தும் 'பந்தி சரியில்லை' என்று பேர் வாங்கிய கல்யாணங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்!

பணம் போவது எண்ணிக்கையில். 600 இலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு 450 பேர் சாப்பிட்டால், மீதி 150 இலைக்கும் காசு கொடுத்தாக வேண்டும். 280 கணக்கில் 42,000 ரூபாய். மச்சான் தொண்டை வறளப் பேசி மிச்சம் பிடிக்கப் போவது 600 இலைக்கு 24,000தான். அதனால் குறைந்தபட்ச எண்ணிக்கையை 450 என்று சொல்லுங்கள். இன்னும் 50 பேருக்குச் சாமான் கைவசம் இருக்கட்டும், கூடுதல் இலைக்கும் அதே ரேட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்திரிகை எண்ணிக்கையை நாலால் பெருக்குவது பழைய கணக்கு. தையிலும் ஆவணியிலும் பெரிய முகூர்த்த நாள் என்றால் ஒரே வீட்டுக்கு மூன்று கல்யாணம் இருக்கும். அப்பா ஒன்றுக்கு, அம்மா ஒன்றுக்கு என்று பிரிந்து போவார்கள். மூன்றிலும் மொய் விழும், சாப்பாடு ஓரிடத்தில்தான். வேலை நாளாக இருந்தால் இன்னும் குறையும்.

அடுத்தது ஐட்டம். 22 வகை, 25 வகை என்கிறார்கள். பந்தி எழுந்ததும் ஒருதடவை அந்த இலைகளைப் பாருங்கள். ஜாங்கிரி ஒரு கடியோடு கிடக்கும். காலிஃபிளவர் சில்லி வைத்த இடத்திலேயே இருக்கும். பிரெட் அல்வாவில் ஈ உட்கார்ந்திருக்கும். அவியல் இருந்த இடம் மட்டும் வழித்து எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கும். அவியல், ஒரு பொரியல், பருப்பு, சாம்பார், ரசம், மோர், அப்பளம், வடை, ஒரே ஒரு பாயசம். இதைக் குறைவான சாப்பாடு என்று சொல்கிறவர் மொய்யைக் குறைத்துக்கொள்ளட்டும்!

சாம்பிள் சாப்பாட்டை நம்பாதீர்கள். நாலு பேருக்கு யார்தான் நன்றாகச் சமைக்க மாட்டார்கள்? அவர் வேறு எங்கே சமைக்கிறார் என்று கேட்டு, அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மூன்றாவது பந்தி நேரத்துக்குப் போங்கள். சாம்பார் முதல் பந்தியில் இருந்த கெட்டியில் இருக்கிறதா, வெந்நீர் ஊற்றி நீட்டுகிறார்களா என்பது அங்கேதான் தெரியும். அப்படியே அடுப்பங்கரைப் பக்கம் எண்ணெய் டின்னையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டதுமே முகம் மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம் இந்தச் சில்லறை. பாத்திர வாடகை, கேஸ், வேன் கூலி, தண்ணீர் பாட்டில் எல்லாம் ரேட்டுக்குள்ளா, வெளியிலா? நாதஸ்வரக்காரர், போட்டோக்காரர், பரிமாறுகிறவர்கள் சாப்பிடும் இலை யார் கணக்கு? முறையாகப் பில் போடுகிறவர் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் மேலே வரும். 2019 அக்டோபருக்கு முன்னால் 18 ஆக இருந்தது, அந்த மட்டும் பிழைத்தோம். பெரிய ஹோட்டலில் வைத்தால் இப்போதும் 18 வரலாம். இலை எண்ண நம் ஆள் ஒருவர், அவர் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். நம் ஆள் செல்போனை நோண்டாதவராக இருப்பது நல்லது.

நாமே சாமான் வாங்கிப்போட்டு, சமைக்கிற தவசிப்பிள்ளைக்குக் கூலி மட்டும் கொடுத்தால் மலிவுதானே என்று பெரியப்பா கேட்கிறார். மலிவுதான். ஆனால் சாமான் வைக்கிற உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விடிய விடிய உட்கார ஒரு சித்தப்பா வேண்டும். எங்கள் சித்தப்பாக்களுக்கெல்லாம் சர்க்கரை, பத்து மணிக்குப் படுத்துவிடுவார்கள். ஆகவே கான்ட்ராக்ட்தான்.

மச்சான் இன்னும் இறங்கி வரவில்லை. போகட்டும். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு மாஸ்டர் பிடிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நூறு பேருக்குத்தான். சொதியில் தேங்காய்ப்பால் திரியாமல், இஞ்சிப் பச்சடியும் கூட வைத்து ஒழுங்காகச் செய்கிற ஆள் பாளையங்கோட்டைப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ரேட்டை நான் பேசிக்கொள்கிறேன்.