வாடகை வீட்டுச் சுவரும் நம் சுவர்தான்

"வாடகை வீட்டுக்கு எதுக்குச் செலவு?" இதைச் சொல்லிச் சொல்லியே 11 வருடம் ஓட்டிவிட்டோம். மதுரையில் பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் ஒரு சின்ன அறை, பேருக்குத்தான் அறை, உள்ளே இருந்ததெல்லாம் சாமான். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கையில் ஆயிரம் ரூபாய்கூடத் தேறாத மாதம் அது.

குறைந்த செலவில் அறையை அழகாக்கும் வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்த்தேன். ஒட்டுகிற வால்பேப்பர், சீரியல் விளக்கு, மடக்கு மேசை. கூட்டிப் பார்த்தால் எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. இதைக் குறைந்த செலவு என்று சொல்லாதீர்கள். காசில்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது அறையில் இருப்பதை வெளியே எடுப்பது. வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து போட்டோம். பீரோவின் காலுக்கடியில் ஈரச் சாக்கைச் செருகி இழுத்த பிறகுதான் தெரிந்தது, 11 வருடமாக அது பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அறைக்குள் வெயில் விழுந்தது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது சுவர். முன்னறையில் இரண்டு வருடத்துக்கு முன் கடன் வாங்கி எமல்ஷன் பெயிண்ட் அடித்தோம். ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து உதிர்ந்தது. பழைய சுவரில் ஓதம் ஏறும், அந்தப் பெயிண்ட் ஈரத்தை வெளியே விடாது. பின்னறைக்கு யாரும் பெயிண்ட் செலவு செய்யாததால் பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. எங்கள் தெருவில் வெள்ளையடிக்கிற பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குச் சுண்ணாம்புதான் தாயி. செவரு மூச்சு விடணும்ல" என்றார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி பழைய இரும்புத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டோம். அடுப்பே இல்லாமல் கொதித்தது. இரண்டு நாள் ஊறவைத்து, தேவையானதை மட்டும் எடுத்துத் துணியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சியும் ஒரு கைப்பிடி உப்பும் துணிக்குப் போடுகிற நீலம் ஒரு சிட்டிகையும் கலந்தோம். நீலம் கூடினால் சுவர் நீலம் பாரித்துவிடும். அடிப்பதற்கு முன் சுவரை நனைக்கச் சொன்னார் பெரியவர். காய்ந்த சுவர் சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிறகு அது பொடியாகக் கையில் ஒட்டும்.

முதல் பூச்சு முடிந்ததும் மகளின் முகம் வாடிவிட்டது. சுவர் அழுக்குத் தண்ணீர் ஊற்றியது போலச் சாம்பலாக இருந்தது. "அம்மா, இது வெள்ளையே இல்லை" என்றாள். எனக்கும் பயம்தான். காலையில் கதவைத் திறந்தால் கண் கூசுகிறது. சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாக இறுகுகிறது. மூன்று பூச்சு அடித்தோம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணாம்பைத் தாளிக்கும்போது, அதாவது தண்ணீர் விட்டுக் கொதிக்கிறபோது, பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

திரைக்கு என் பழைய புள்ளி போட்ட சுங்குடிச் சேலை. ஐந்தரை மீட்டரைக் குறுக்கே சரிபாதியாக வெட்டினால் கதவுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் கரை இருக்கிறதே, ஓரம் மடித்துத் தைக்கிற வேலையே இல்லை. மேலே கம்பி நுழைய ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். முந்தானை இருந்த பாதியை ஜன்னலுக்குப் போட்டேன். காலை வெயிலில் அந்தப் புள்ளிகள் வெள்ளைச் சுவரில் அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன், உலை பொங்கியதுகூடத் தெரியவில்லை. படிக்கும் மேசை, என் அம்மாவின் கால் தையல் மெஷின். மெஷினை உள்ளே மடக்கிப் பலகையை மூடினால் புத்தகமும் நோட்டும் தாராளமாக வைக்கலாம்.

மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் செய்தோம், அவர் மறுப்பேதும் சொல்லவில்லை.

இந்த வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது. ஆனால் என் பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் இந்த வருடம் முழுக்கக் கண் விழிப்பாள். அவளுக்கு இது வாடகைச் சுவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

கஞ்சி கலக்காத சுண்ணாம்பு அரைத் தொட்டி மிச்சம் இருக்கிறது. மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வைத்தால் கெடாது. பொங்கலுக்கு முன் அடுப்படிக்கு அடித்துவிடுவோம்.