நான்காவது ஆள்

அண்டார்டிகாவுக்குக் கிளம்பிய ஷாக்கிள்டனும் இரு தோழர்களும் பனிமலையைக் கடந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆள் ஒருவர் கூடவே வந்ததாக உணர்ந்தார்கள். அந்தக் கதையை யார் எடுத்தாலும் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. ‘கூட வந்தது ஆண்டவனேதான்’ என்று ஒரு கட்சி கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. ‘ஆக்சிஜன் குறைந்தால் அப்படித்தான் தோன்றும்’ என்று மற்றொரு கட்சி கைகழுவிவிடுகிறது. (அந்த மூவரும் ஏறிய உயரத்தில் ஆக்சிஜன் அப்படியொன்றும் குறையாது என்பது வேறு விஷயம்.) எனக்கு இரு கட்சியோடும் பிணக்கு.

1916 மே மாதம். ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் ஏற்கெனவே பனியில் நசுங்கி மூழ்கிவிட்டது. 22 பேரை எலிபன்ட் தீவில் விட்டுவிட்டு, ஆறு பேர் ஒரு சிறு படகில் தெற்கு ஜார்ஜியா என்ற தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் கரையேறியது ஆளில்லாத பக்கம். திமிங்கில வேட்டைக்காரர்களின் நிலையம் மலைக்கு அப்பால் இருந்தது. வரைபடத்தில் தீவின் உட்பகுதி வெறும் வெள்ளை. படகில் கழற்றிய திருகாணிகளைத் தச்சர் பூட்ஸ்களின் அடியில் பொருத்திக் கொடுக்க, ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் கூடாரம்கூட இல்லாமல் கிளம்பினார்கள். 36 மணி நேர நடை. நடுவில் மற்ற இருவரும் கண்ணயர்ந்தபோது, ஐந்தே நிமிடத்தில் எழுப்பி ‘அரை மணி நேரம் தூங்கிவிட்டீர்கள்’ என்று ஷாக்கிள்டன் பொய் சொன்னார். அந்தக் குளிரில் மூவரும் தூங்கிவிட்டால் எழுந்திருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நாம் மூவர் அல்ல, நால்வர் என்று வழியெல்லாம் தோன்றியதாக அவர் பிறகு எழுதினார். அவர் வாய்திறக்கும் முன்பே வோர்ஸ்லியும் அதையே சொன்னார். கிரீனும் ஒப்புக்கொண்டார்.

பக்தர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இதே பயணத்தின் இன்னொரு குழு, அண்டார்டிகா கண்டத்தின் மறுபக்கம் ராஸ் கடல் பகுதியில், ஷாக்கிள்டனுக்காக உணவுக் கிடங்குகள் அமைத்துக்கொண்டிருந்தது. அதில் மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் பாதிரியார் ஸ்பென்சர் ஸ்மித். மற்ற இருவர், மெக்கின்டாஷும் ஹேவர்டும், அதே மே மாதம் 8ஆம் தேதி உறைந்த கடல்மேல் நடந்து போனவர்கள். புயலுக்குப் பின் அவர்களைக் காணவில்லை. அவர்களோடும் யாரோ நடந்திருக்கலாம். செத்தவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை. 1970இல் இமயத்தின் நங்க பர்பத் சிகரத்திலிருந்து தம்பியோடு இறங்கிய மலையேறி மெஸ்னரும், தன் வலப்பக்கம் மூன்றாவது ஆள் ஒருவர் கூடவே இறங்குவதை உணர்ந்தார். தம்பி பிழைக்கவில்லை. கூட வந்தது ஆண்டவன் என்றால், இவர்களை ஏன் காப்பாற்றவில்லை?

எல்லாம் மூளையின் வேலை என்கிற மற்றக் கட்சிக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. 2006இல் சுவிட்சர்லாந்தில் மூளை ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோயாளியான ஒரு பெண்ணின் மூளையில், இடப்பக்கம் காதுக்கு மேலே ஓரிடத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது, அவருக்குப் பின்னால் ஒரு நிழல் ஆள் முளைத்தான். அவர் படுத்தால் அவனும் படுத்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவனும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டான். கையிலிருந்த அட்டையைப் படிக்கச் சொன்னால், அதைப் பிடுங்கப் பார்க்கிறான் என்றார். தன் உடலையே மூளை இன்னொருவராகக் கணக்கெடுத்துவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். நான் அதை ஏற்கிறேன்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு வந்தவன் தொல்லைக்காரன். 1933இல் எவரெஸ்டில் தனியாக ஏறிய ஃபிராங்க் ஸ்மைத்துக்கு வந்தவனோ தோழன். தானும் அவனும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதாகவும், வழுக்கினால் அவன் பிடித்துக்கொள்வான் என்றும் ஸ்மைத் உணர்ந்தார். புதினா மிட்டாயை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவனிடம் நீட்டத் திரும்பியும் பார்த்தார். தனியாக உலகைச் சுற்றக் கிளம்பிய ஜோஷுவா ஸ்லோகம் 1895இல் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தபோது, சுக்கானைப் பிடிக்க வந்தவன் கொலம்பஸின் பின்டா கப்பல் மாலுமி! 1927இல் அட்லான்டிக்கின் மேல் தூக்கத்தோடு போராடியபடி தனியாகப் பறந்த விமானி லிண்ட்பெர்க்குக்கு வந்த உருவங்கள், விமானத்தில் வழி கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேசின. மலையேறிக்குக் கயிறு, மாலுமிக்குச் சுக்கான், விமானிக்குத் திசை. வெளியிலிருந்து வருபவர் என்றால், அவரவர் தொழிலை எங்கே கற்றுக்கொண்டு வந்தார்? வாழ்நாளெல்லாம் கூட நின்று வேலை செய்தவர்களின் பழக்கம்தான் அங்கே ஆளாக எழுந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். ‘மூளைக் கோளாறு’ என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆளுக்கு நூறு வருடமாக விளக்கம் தேடுகிறோம். எலிபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரையும் மீட்க ஷாக்கிள்டன் மூன்று முறை முயன்று தோற்றார். நான்காவது முயற்சியில், 1916 ஆகஸ்ட் 30 அன்று, யெல்ச்சோ என்ற சிலி நாட்டுச் சிறு கப்பலைப் பனிக்குள் ஓட்டிச்சென்று அத்தனை பேரையும் உயிரோடு கொண்டுவந்தவர் லூயிஸ் பார்டோ. இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்தே பகிரலாம்.