அட்வான்ஸுக்கும் பத்திரத்துக்கும் நடுவில்

ரியல் எஸ்டேட் தொழிலுக்குப் புதிதாக வருகிற பசங்களுக்கு இப்போது எங்கே பார்த்தாலும் பயிற்சி வகுப்பு நடக்கிறது. விடியற்காலையில் எழு, தினமும் இத்தனை போன் போடு, பார்ட்டி, அதாவது வாங்க வருகிறவர், தயங்கினால் இப்படிப் பேசு, ரீல்ஸ் இப்படி எடு என்று சொல்லித் தருகிறார்கள். போய் வருகிறவர்கள் உற்சாகமாகத்தான் வருகிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நம்முடைய வியாபாரம் பேச்சில் முறிவது குறைவு. அட்வான்ஸ் கை மாறிய பிறகுதான் அதிகமாக முறிகிறது. பேங்க் லோன் தரவில்லை, ஓனரின் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், அளந்து பார்த்தால் இடம் குறைகிறது என்று ஏதாவது ஒன்று வரும். நமக்குக் கமிஷன் வருவதோ பத்திரம் முடிகிற அன்றைக்கு. அதுவரை அலைந்த பெட்ரோலும் நாளும் நம் கணக்கு.

ஆகவே என்னைப் பொறுத்தவரை, நின்று நிலைக்கிற புரோக்கருக்கு வேண்டிய பழக்கங்கள் எல்லாமே அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியில் வியாபாரம் முறியாமல் காப்பாற்றுகிறவை. அதில் பெரும்பாலானவற்றை, பார்ட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

முதலில் காகிதம். ஓனர் "டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார்" என்று சொன்னால் அதை நம்பி இடத்தைக் காட்டக் கூடாது. ஜெராக்ஸ் கேட்டு வாங்க வேண்டும். தராத ஓனரின் சொத்தை நான் எடுப்பதே இல்லை. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுகிற வில்லங்கச் சான்றிதழை, அதாவது ஈசியை, பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், பல சார் பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கிறது. பட்டாவையும் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் வருவாய்த்துறை தளத்தில் பார்க்கலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்து வேலை. பத்திரத்தில் இருக்கிற சர்வே எண்ணும் பட்டாவில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகிறதா, உட்பிரிவு ஆகியிருக்கிறதா, பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, நான்கு எல்லையும் நேரில் பார்ப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் கண்ணில் பட்டுவிடும். அப்புறம் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி என்று இருக்கும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு ஓர் அடி உள்ளே வந்திருக்கும். அதை அட்வான்ஸுக்கு முன்னால் சொன்னால் விலையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பின்னால் தெரிந்தால் இரண்டு தரப்பும் நம் சட்டையைப் பிடிக்கும்.

ஈசியில் தெரியாத விஷயங்கள்தான் ரொம்பவும் ஆபத்தானவை. அதில் முதல் இடம் வாரிசுக்கு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956-ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே இந்துக் குடும்பத்தில் மகனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு மகளுக்கும் உண்டு. மனைவிக்கும் உண்டு. இறந்தவரின் அம்மா அப்போது உயிரோடு இருந்தால் அந்தப் பாட்டிக்கும் உண்டு. இதை இன்றைக்கும் பல புரோக்கர்கள் அறியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. மத்தியச் சட்டம் 2005-ல் திருத்தப்பட்டு எல்லா மகள்களுக்கும் அது வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அண்ணன் தம்பிகள் நம்மிடம் வந்து, "தங்கச்சிக்குச் சீர் எல்லாம் செஞ்சாச்சு சார், அது ஒண்ணும் கேக்காது" என்பார்கள்.

கேட்காது என்றால் வந்து கையெழுத்துப் போடுவதில் என்ன கஷ்டம்? இந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறது, அத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள், யாராவது வெளிநாட்டிலா, யாராவது மைனரா? மைனர் பங்கு இருந்தால் அதை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், அது ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. நான் முடிந்தவரை அந்தத் தங்கையிடம் நேராகவே போனில் பேசிவிடுவேன். "அம்மா, உங்க அண்ணன் வீட்டை விற்கப் போறார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் அந்தக் குரலிலேயே பதில் வந்துவிடும். சில சமயம் எதிர்முனையில் ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். அப்படியென்றால் அந்தச் சொத்து இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அந்தப் பெண்ணை ஏமாற்றிச் செய்கிற வியாபாரத்தில் வருகிற கமிஷன் எனக்கு வேண்டாம்.

மனை என்றால் அப்ரூவல். அனுமதி பெறாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எங்கள் பக்கம் தொழிலே நின்றுபோனது. அடுத்த வருஷம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 என்பது அதில் எல்லைக்கோடு, அதுவரை விற்றுப் பதிவான மனைகளுக்குத்தான் அந்த விதி. இந்தத் தேதி தெரியாமல் மனை விற்கிறவரிடம் மனை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்ற பேச்சை வைத்துக்கொண்டு இன்றும் சிலர் ஓட்டுகிறார்கள். லேஅவுட்டுக்கு வேண்டியது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி. அனுமதி எண்ணை வாங்கி நாமே சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது வாங்குகிறவரின் பணம். இதைக் கேட்கவே பலரும் கூச்சப்படுகிறார்கள். 60 லட்ச ரூபாய் வீடு பார்க்க வருகிறார், கையில் 10 லட்சம் இருக்கிறது, மீதியை பேங்க் கொடுக்கும் என்று நினைக்கிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தர முடியும். ஆக 48 லட்சம். மீதி 12 லட்சம் அவருடையது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 9. அது 5 லட்சத்து 40 ஆயிரம். இதற்குத் தனியாகக் கடனில் இடம் கிடையாது. அப்போதே பதினேழரை லட்சத்தை நெருங்கிவிட்டது, நம் கமிஷனும் வக்கீல் செலவும் இன்னும் சேரவில்லை. பேங்க் மதிப்பீட்டாளர் வீட்டின் மதிப்பை 55 லட்சம் என்று எழுதிவிட்டால் கடன் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். முகம் கொஞ்சம் வாடும். "அப்ப 40 லட்சத்துல ஏதாவது இருக்கா அண்ணே?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் உண்மையான வியாபாரத்தின் தொடக்கம். கணக்குப் போடாமல் 60 லட்ச வீட்டைக் காட்டி, அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசை காட்டி, நகையை வைத்து அட்வான்ஸ் போடவைத்து, கடைசியில் கடன் பற்றாமல் அந்த அட்வான்ஸும் போய் நிற்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. ஒரு தாளில் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விற்கிறவருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை உண்டு. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பத்திரத்தன்று இதைக் கேள்விப்படுகிற ஓனர் "எனக்கு ஏன் குறைச்சுக் கொடுக்கிறீங்க" என்று சண்டைக்கு வருவார். ஓனர் வெளிநாட்டில் குடியிருக்கிறார் என்றால் வரிப்பிடித்தம் முற்றிலும் வேறு, ஆடிட்டரிடம் முதலிலேயே அனுப்பிவிட வேண்டும். அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதும் வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மேல் விழும். நம் கைக்கோ நம் வங்கிக் கணக்குக்கோ அந்தப் பணம் வரவே கூடாது. பார்ட்டி கணக்கிலிருந்து ஓனர் கணக்குக்கு நேராகப் போகட்டும்.

இடத்தின் குறையை யார் சொல்வது என்பதில்தான் எனக்குப் பலரோடு வாக்குவாதம் வருகிறது. நான் சொல்வது, வீட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நாம்தான் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது என்பது ஊருக்கே தெரியும். 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாடும் தெரியும். தெருமுனை மளிகைக் கடையில் கேட்டால் "இதுவரைக்கும் வந்துச்சுங்க" என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். பார்ட்டி எப்படியும் போய்க் கேட்கத்தான் போகிறார். கோடையில் போர் வற்றுமா, தண்ணி லாரி மாதம் எத்தனை வருகிறது என்பதும் அப்படித்தான். குறையை நம்மிடமே கேட்டு, அதன்பின் விலை பேசி வாங்குகிறவர் பின்வாங்குவது அபூர்வம். அட்வான்ஸுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வாயிலாகத் தெரிந்துகொண்டவர் அடுத்த நாளே பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

அதேபோல், வந்ததையும் வரப்போவதையும் கலந்து பேசக் கூடாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தாயிற்று, அதைச் சொல்லி விலை கேட்பது நியாயம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ இன்னும் ஓடவில்லை. ஓடாத ரயிலுக்கு ஒருவரிடம் சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டி வாங்கித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கமிஷனை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி இரண்டு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் பக்கம் 1 சதவீதம், சில இடங்களில் 2. ஓனர் சொன்ன விலைக்கு மேல் வைத்து விற்று வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிற பழக்கம் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்த மாதிரி வேறு எதுவும் கெடுக்கவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் இரு தரப்பும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் உண்மை விலை வெளியே வந்துவிடும்.

ஒரு நோட்டும் வேண்டும். யார், எந்த இடத்தைப் பார்த்தார், என்ன சொன்னார், ஏன் வேண்டாம் என்றார் என்று அன்றன்றைக்கே எழுதிவைப்பது. வாங்காமல் போனவருக்கு ஆறு மாதம் கழித்து, அவர் சொன்ன காரணத்தை ஞாபகம் வைத்துப் போன் செய்தால் அவர் ஆச்சரியப்படுவார். எனக்கு வந்த நல்ல வியாபாரங்களில் பல அப்படிப் போனவர்கள் அனுப்பிய ஆட்கள்தான்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான பதிவைப் பற்றி இன்னும் அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெராவில் வருகிற திட்டத்தில் வீடோ மனையோ விற்றுக்கொடுக்கிற முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2016-ஆம் வருஷச் சட்டம். செய்யாவிட்டால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம். நாம் வாங்குகிற கமிஷனைவிட அது பெரிது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்கு இதில் புதிதாகக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

நம்ம ஏரியாவில் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பிகள், தங்கச்சிகள் யாராவது ஈசி படிக்கவும் மூலப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய முதல் பத்திரத்திலிருந்து, வரிசையாகப் பார்த்து வரவும் கற்றுக்கொள்ள நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஆபீஸுக்கு வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் இப்போது காட்டிக்கொண்டிருக்கிற சொத்து ஒன்றின் ஜெராக்ஸை மட்டும் எடுத்து வாருங்கள், அதையே வைத்துப் படிப்போம்.