சித்தப்பா விரலில் தட்டிய மெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வீட்டில் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தேன். 1987-இலிருந்து 2000 வரை ஓடிய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர், கதை நடப்பது ஆக்ஸ்போர்டில். சித்தப்பா பேப்பருக்குள் இருந்தார். தொடக்க இசை வந்ததும் பேப்பர் மெல்ல இறங்கியது. நாற்காலிக் கையில் ஆள்காட்டி விரல் தட்டுகிறது.

"எல, இது தந்தில்லா அடிக்கான்! எம், ஓ, ஆர், எஸ், ஈ..."

தந்தி ஆபீசில் முப்பது வருஷம் இருந்த விரல். இசையமைப்பாளர் பாரிங்டன் ஃபெலாங் நாயகன் பெயரை மோர்ஸ் குறியீட்டிலேயே, அதாவது தந்தியின் புள்ளி-கோடு பாஷையிலேயே, மெட்டுக்குள் வைத்திருந்தார். சில கதைகளில் பின்னணி இசையில் கொலைகாரன் பெயரையும் தட்டிவிடுவாராம், சிலதில் வேண்டுமென்றே தப்பான ஆளின் பெயரை.

ஒளித்துவைப்பது என்றால் இதுதான். தெரியாதவனுக்கு வெறும் நல்ல இசை, நட்டம் ஒன்றும் இல்லை. நம் சினிமாக்காரர்களோ பழைய படத்து போஸ்டரைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதன்மேல் நிறுத்தி, பாட்டையும் போட்டுவிட்டு அதை ரெஃபரன்ஸ் என்கிறார்கள். தண்டோரா அது.

மோர்ஸின் இளவயதுக் கதையான 'எண்டவர்' 2012-இல் வந்தது. அதில் பத்திரிகை ஆசிரியராக வரும் பெண்ணின் பெயர் டொரோத்தியா ஃப்ரேசில். ஃப்ரேசில் என்றால் ஓடும் தண்ணீரில் உண்டாகும் பனித்துகள். முன்னால் முதலெழுத்து 'டி' சேர்ந்தால் 'டி-ஐஸ்', பனியை உருக்குவது. உருகுவதற்கு இங்கிலீஷில் இன்னொரு சொல் 'தா' (thaw). நடித்தவர் அபிகெய்ல் தா, பழைய மோர்ஸாக நடித்த ஜான் தாவின் மகள்! முதல் கதையில் அவர் இளம் மோர்ஸைப் பார்த்து, நாம் முன்பே சந்தித்திருக்கிறோமா என்று வேறு கேட்பார். எனக்கு இது விளங்க இரண்டு வருஷம் ஆனது.

அப்புறம் அதே தொடரில் ஓர் அடுக்குமாடி இடிந்து விழும். நிஜத்தில் 1968-இல் லண்டனில் ரொனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் ஒரு பெண் காலை டீக்கு அடுப்பைப் பற்றவைக்க, கேஸ் வெடித்து ஒரு மூலையே சரிந்தது. நான்கு பேர் செத்தார்கள். கட்டடத்துக்குள் ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொடரில் இடியும் கட்டடத்துக்கு வேறு பெயர்.

திருநெல்வேலியில் கதை என்றால் நமக்கு அருவாள், அல்வா, ரெண்டு 'ஏலே'. முடிந்தது. ஒளித்துவைக்க இங்கே சரக்கா இல்லை? ஜங்ஷனுக்குப் போக தினமும் தாண்டும் ஆற்றுப்பாலம் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறந்தது. சுலோசன என்றதும் பாதிப் பேர் பெண் என்றே நினைக்கிறார்கள். பெயரை வைத்து ஆளைத் தப்பாகத் தேடும் ஒரு இன்ஸ்பெக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? மணியாச்சியில் ரயில் நிற்கும் காட்சியில், 1911 ஜூன் 17 என்று ஒரு டிக்கெட்டில் தேதி மட்டும் தெரிந்தால் போதாதா? ஆஷ் துரை சுடப்பட்ட நாள் அது. நம் ஊர்க்காரன் ஒருத்தனாவது நிமிர்ந்து உட்காருவான்.

சித்தப்பா இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அடுத்த கதை போடும்போது ஃபேனையும் நிறுத்தச் சொன்னார்.

"சத்தம் போடாத. கொலைகாரன் பேரை அடிக்கானான்னு பாப்போம்."